மழை பெய்கிற வரைக்கும்

பிராஸ்பெக்ட் டெரஸ் பதினாலாம் எண் வீட்டின் மேல் மட்டும் 1976 ஆகஸ்ட் இருபத்தாறாம் தேதி, வியாழக்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு மழை பிடித்தது. பத்து வருடம் ஏழு மாதம் நிற்கவில்லை. அன்றைக்குப் பன்னிரண்டாம் எண்ணில் ஒரு சொட்டு இல்லை, பதினாறாம் எண்ணிலும் ஒரு சொட்டு இல்லை. எங்கள் ஊர் ஓவர்ஷாவில் வீடுகள் எல்லாம் தோளோடு தோள் ஒட்டி நிற்பவை. பதினாலுக்கும் பதினாறுக்கும் நடுச்சுவர் ஒன்றுதான், புகைபோக்கியும் ஒன்றுதான். அந்தப் புகைபோக்கியின் இடது பாதியில் விரல் தடிமனுக்குப் பாசி பிடித்துக் கிடந்தது, வலது பாதி கரிப்பிடித்துக் காய்ந்து கிடந்தது. நானே ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். யார் வேண்டி அந்த மழை வந்தது என்பதில் ஊரில் மூன்று கட்சி உண்டு. நான் எந்தக் கட்சியிலும் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நம்பாதவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன், நாங்களே எதையும் லேசில் நம்புகிற ஜனங்கள் இல்லை.

சிரில் பெல்லிங் அந்த ஜூலை பன்னிரண்டாம் தேதி பஸ்ஸில் வந்து இறங்கினார். தெற்கே சசெக்ஸ்காரர். நாற்பத்தாறு வயது, மெலிந்த உடம்பு, அநாவசியமாகப் பளபளக்கும் ஷூ, கையில் ஒரு பழுப்புப் பெட்டி. அந்த வருடம் மே மாதத்திலிருந்து மழையே கிடையாது. மேட்டு ஏரியின் அடி வெடித்துக் கிடந்தது. குழாயை நிறுத்திவிட்டுத் தெருவுக்கு ஒரு பொதுக்குழாய் வைத்திருந்தார்கள். கறுப்புப் பொட்டு வைத்த சிவப்பு வண்டுகள் கூட்டம் கூட்டமாய் வந்து ஆள் கழுத்தைக் கடித்தன. இந்த லட்சணத்தில் ஒரு தெற்கத்தி ஆள் நோட்டும் பென்சிலுமாக வீடு வீடாகக் கதவைத் தட்டி, ஒரு உருண்டை ரொட்டியின் படத்தைக் காட்டி, "இதை நீங்க என்னன்னு சொல்வீங்க?" என்று கேட்டால் யார் சும்மா இருப்பார்கள்? தெற்கே ஒரு பல்கலைக்கழகம் சொற்களுக்கு வரைபடம் போடுகிறதாம். மான்செஸ்டரில் பார்ம் என்கிற ரொட்டி நாட்டிங்கமில் காப், எங்களிடம் டீகேக், அவர் ஊரில் வெறும் ரோல். இரண்டு சுவருக்கு நடுவே போகிற சந்து எங்களுக்கு ஸ்னிக்கெட், அவருக்கு ட்விட்டன். இதையெல்லாம் கேட்டு எழுதுவதற்கு ஒருவருக்குச் சம்பளமாம்! தொலைக்காட்சி உரிமம் இல்லாதவர்களைப் பிடிக்க வந்த ஆள் என்று பாதி ஊர் முடிவு செய்து, டி.வி. பெட்டியின் மேல் மேஜைவிரிப்பைப் போட்டு ஜாடி வைத்து மறைத்தது. வேலையில்லாப் படி வாங்கிக்கொண்டு திருட்டுத்தனமாக வேலைக்குப் போகிறவர்களைப் பிடிக்க வந்த ஆள் என்று மிச்சப் பாதி ஊர் முடிவு செய்தது.

எனவே ஊர் கூடிப் பேசாமலே ஒரே மாதிரி பொய் சொல்லத் தொடங்கியது. ரொட்டிக்கடை ஹோல்ராய்ட் எங்கள் பக்கத்து வழக்கப்படி ஆண் பெண் பாராமல் எல்லோரையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவார். "என்ன கண்ணு வேணும்?" என்று அவர் கேட்டதும் பெல்லிங் திரும்பி, தனக்குப் பின்னால் எந்தப் பெண் நிற்கிறாள் என்று பார்த்தார். அதைப் பார்த்து ஹோல்ராய்டுக்கு இன்னும் சந்தேகம் கூடிவிட்டது. ரொட்டிக்கு இங்கே என்ன பேர் என்று கேட்டபோது முகத்தில் சிரிப்பே காட்டாமல், "தாத்தாச் செருப்பு" என்றார். பெல்லிங் அதை அழகாக எழுதிக்கொண்டு, "ஒருமையா, பன்மையா?" என்று கேட்டார். "ஒண்ணு வாங்கினா செருப்பு கண்ணு, ஜோடியா வாங்கினா செருப்புங்க," என்றார் ஹோல்ராய்ட். மூன்று வருடம் கழித்து அந்த வரைபடம் அச்சாகி வந்தது. எங்கள் ஊருக்கு மட்டும் ஒரு தனிப் புள்ளி. அதைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் காரில் வந்து தாத்தாச் செருப்பு கேட்டார்கள், இல்லை என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வேறு பேர் தெரியாது.

பெல்லிங்குக்குத் தங்க இடம் கொடுத்தவள் மேவிஸ் அக்ராய்ட். நாற்பத்தோரு வயது, கல்யாணம் ஆகவில்லை, பெற்றவர்கள் போய்ச் சேர்ந்த பிறகு பதினாலாம் எண்ணில் தனியாக இருந்தாள். கம்பளி ஆலையில் அவளுக்குத் துணி பார்க்கிற வேலை. நெய்து வந்த துணியைச் சாய்மேஜையில் விரித்து, உள்ளங்கையால் தடவிக்கொண்டே போய், எங்கே முடிச்சு, எங்கே இழை தப்பியிருக்கிறது என்று கண்டுபிடித்து ஊசியால் சரி செய்வாள். இருபத்தைந்து வருடமாகக் குற்றம் தேடியே பழகிய கை. மனிதர்களையும் அப்படித்தான் பார்ப்பாள். பின்பக்க மாடியறையில் கட்டிலுக்கு நேர் மேலே நாலு சிலேட் பெயர்ந்து கூரையில் ஓட்டை இருந்தது. மழை இல்லாத காலத்தில் ஓட்டையால் ஒன்றும் நஷ்டமில்லை. வாசலில் நின்றபடி அவள் சொன்னது இவ்வளவுதான்: "பின்னாடி ரூம் இருக்கு. மழை பெய்யிற வரைக்கும் இருந்துக்கலாம்."

இங்கேதான் வினை. ஊரில் 'வைல்' என்று ஒரு சின்னச் சொல் உண்டு, அதைத்தான் நான் வரைக்கும் என்று எழுதுகிறேன். எங்களுக்கு அது, ஒன்று வந்து சேர்கிற வரைக்கும். அஞ்சு மணி வரைக்கும் வேலை, செவ்வாய்க்கிழமை வரைக்கும் பொறு. தெற்கத்தியாருக்கு அது, ஒன்று இருந்துகொண்டிருக்கிற வரைக்கும். உயிர் இருக்கிற வரைக்கும், வெளிச்சம் இருக்கிற வரைக்கும். மேவிஸ் சொன்னது, மழை வந்தால் அறை ஒழுகும், அதுவரை இரு, வந்ததும் கிளம்பு என்று. பெல்லிங் காதில் விழுந்தது, மழை விழுந்துகொண்டிருக்கும்போது மட்டும் இருக்கலாம் என்று. அவருடைய அச்சடித்த கேள்வித்தாளில் விரலால் தொட்டுக் காட்டக்கூடிய சாமான்கள்தான் உண்டு, ரொட்டி, சந்து, சாக்கடை, செருப்பு. இந்த மாதிரிச் சில்லறைச் சொல் எதுவும் அதில் இல்லை. அவர் வானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். இரண்டு மாதமாக ஒரு மேகம் இல்லை. அறை இல்லை என்பதை வடக்கத்தியார் இப்படித்தான் நாகரிகமாகச் சொல்வார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, தொப்பியைத் தொட்டு, "புரியுதுங்க" என்று திரும்பினார். அதற்குள் மேவிஸ் அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாதி மாடி ஏறிவிட்டாள்.

ஆக, ஒரே வீட்டில் ஆறு வாரம், ஒருவர் அனுமதி கொடுத்ததாகவும் மற்றவர் அனுமதி இல்லாமலும் வாழ்ந்தார்கள். டின்னர் உண்டு என்று மேவிஸ் சொன்னால் மத்தியானம் பன்னிரண்டு மணி. பெல்லிங் தலைவாரிக்கொண்டு ராத்திரி ஏழு மணிக்கு வந்து மேஜையில் உட்கார்ந்தார். டீ அஞ்சு மணிக்கு என்றால் கறியும் உருளைக்கிழங்கும் குழம்பும். அவர் ஒரு கோப்பைத் தேநீர்தானே என்று வெளியே இரண்டு பன் தின்றுவிட்டு வந்து, வயிறு வெடிக்கச் சாப்பிட்டார். வேண்டாம் என்று சொல்ல அவருக்குப் பயம். உரிமையில்லாமல் தங்கியிருக்கிற மனிதன் குழம்பை எப்படி வேண்டாம் என்பான்? மாடிப்படியில் சத்தம் வராமல் ஓரமாக மிதித்து ஏறுவார். ஓரமாக மிதித்து ஏறுகிறவனிடம் ஏதோ இருக்கிறது என்று மேவிஸ் நினைத்தாள். சாப்பிட்ட பிறகு அவர் நோட்டைத் திறந்து ஒரு வரி எழுதி மூடிவிடுவார். அந்த ஒரு வரிதான் அவளுக்கு நெஞ்சில் முள்ளாக இருந்தது. தான் பேசிய ஏதோ ஒரு சொல்லை இந்த ஆள் பிடித்துப் போட்டுக்கொள்கிறான், நான் இவனுக்கு ஒரு பூச்சி மாதிரி என்று அவள் பதினாறாம் எண் ஐவி பாட்டம்லியிடம் சொன்னாள்.

ஐவி ஜன்னல் திரைக்குப் பின்னாலேயே பிறந்து வளர்ந்தவள். ஆகஸ்ட் இருபத்தைந்தாம் தேதி பொதுக்குழாய் வரிசையில் அவளுக்கும் மேவிஸுக்கும் நடந்த பேச்சைப் பின்னால் நின்ற ஏழு பேர் கேட்டிருக்கிறார்கள். பெல்லிங்கின் கணக்கெடுப்பு முடிந்துவிட்டது, வெள்ளிக்கிழமை ரயில் ஏறுகிறார் என்று மேவிஸ் சொன்னாள்.

"நல்லதாப் போச்சு," என்றாள் ஐவி. "அதுக்குள்ள மழை வந்தா இன்னும் நல்லது. என் தலைமுடியப் பாரு, தேங்காநாரா போச்சு."

"மழை வராட்டி என்ன இப்ப?" என்றாள் மேவிஸ்.

வாளியைக் கீழே வைத்துவிட்டு ஐவி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ஊரே வானத்தப் பாத்துக்கிட்டு நிக்குது, உனக்கு மழை வேணாமா? என்னடி சங்கதி?"

மேவிஸ் தன் வாளியைக் குழாயடியில் தள்ளி வைத்தாள். மறுநாள் காலை பத்தேகாலுக்கு, நீல வானத்திலிருந்து, அவள் வீட்டின் மேல் மட்டும் மழை விழுந்தது. ஆலையில் கோடை விடுமுறை வாரம், அதனால் அவள் வீட்டில்தான் இருந்தாள். சொன்ன சொல் சொன்னதுதான் என்று மாடிக்குப் போய், ஒழுகுகிற அறையிலிருந்து அவருடைய பெட்டியை எடுத்துக்கொண்டு கீழே வந்தாள். பெல்லிங் சந்தில் நடந்துவிட்டுத் திரும்பியவர், வாசற்படியில் கால் வைத்ததும் தொப்பி நனைந்தது. நிமிர்ந்து பார்த்தார். அந்த ஆறு வாரத்தில் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அன்றைக்கு வாய் காது வரைக்கும் போனது என்று ஐவி சத்தியம் செய்கிறாள்.

"மழை வந்துடுச்சு, மிஸ்டர் பெல்லிங்," என்றாள் மேவிஸ், பெட்டியை நீட்டி.

"வந்துடுச்சுங்க, மிஸ் அக்ராய்ட்! ரொம்ப நன்றிங்க. நீங்க சொன்ன சொல் மாறாதவங்க."

சொல்லிவிட்டு, பெட்டி நனையாமல் இருக்கத்தான் அவள் கீழே கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்து, அதை வாங்கி மறுபடி மாடிக்கு எடுத்துப் போய் அலமாரி மேல் வைத்தார். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். முதல் தடவையாக மாடிப்படியை நடுவில் மிதித்து இறங்கினார். எங்கள் ஊரில் ஒரு விஷயத்தை ஒரு தடவைதான் சொல்வது. இரண்டாம் தடவை சொல்வது கெஞ்சுவதற்குச் சமம். போகச் சொன்னால் நன்றி சொல்லி உட்காருகிறவன் ஒன்று வெட்கங்கெட்டவன், இல்லாவிட்டால் படு கெட்டிக்காரன். எது என்று கண்டுபிடிக்கிற வரைக்கும் விட்டுப்பிடிப்போம் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உள்ளே ஒரு ஓரத்தில் சந்தோஷமாகவும் இருந்தது. அந்தச் சந்தோஷத்தையும் அவள் சந்தேகப்பட்டாள்.

ஊர் நடந்துகொண்டதைப் பற்றி நான் பெருமையாக ஒன்றும் எழுத முடியாது. முதல் மணி நேரத்தில் கூடி நின்று வாய் பிளந்தோம். இரண்டாம் மணி நேரத்தில் வாளி, தொட்டி, குழந்தை குளிக்கிற தகர டப்பா எல்லாம் பதினாலாம் எண் கூரைக்குழாய்க்குக் கீழே வரிசை கட்டின. அந்த ஆள் மந்திரம் போட்டிருக்கிறான் என்று முதலில் சொன்ன ஐவிதான் முதல் வாளியும் வைத்தவள்; அன்று மாலையே அவள் தலை பட்டுப்போல் ஆகிவிட்டது. தண்ணீர் இலாகாவிலிருந்து ஒரு அதிகாரி வந்து, ரப்பர் குழாய்க்குத்தான் தடை, மழைக்குத் தடை இல்லை என்று படித்துக் காட்டிவிட்டு, தானும் ஒரு புட்டியில் பிடித்துக்கொண்டு போனார். அடுத்த வாரம் ஊர் முழுக்க மழை வந்தது, நின்றது, ஊருக்குக் குழாய் திரும்பியது. பதினாலில் மட்டும் நிற்கவில்லை. அப்போது மூன்று கட்சியும் உருவாகிவிட்டன. அவன் இருக்க ஆசைப்பட்டு வரவழைத்தான் என்பது ஒன்று. அவளே வரவழைத்துவிட்டு நடிக்கிறாள் என்பது இரண்டு. பூமிக்கடியில் பழைய சுரங்கம் இருக்கிறது, அதனால்தான் என்பது மூன்று. மூன்றாவது கட்சியில் ஆண்கள் அதிகம்.

வருடங்கள் போயின. பல்கலைக்கழகம் பெல்லிங்குக்கு நன்றிக் கடிதம் அனுப்பிக் கணக்கை முடித்தது. அவர் அந்த வெள்ளிக்கிழமை ரயிலிலும் ஏறவில்லை, பிறகும் தன் ஊருக்குப் போகவில்லை, எங்கள் ஊர் நூலகத்தில் புத்தகம் அடுக்குகிற வேலையில் சேர்ந்தார். வேலை இருந்து தங்கினால் சந்தேகம் இல்லை, வேலை போயும் போகாதவனை என்னவென்பது? ஓட்டை அடைபடவில்லை, ஏனென்றால் ஈரச் சிலேட்டில் எந்தக் கொத்தனும் ஏற மாட்டான், அந்தக் கூரை காய்ந்ததே இல்லை. பெல்லிங் கட்டில் தலைமாட்டில் ஒரு பெரிய கறுப்புக் குடையைக் கட்டி அதன் கீழே தூங்கினார். பத்து வருடம் ஒரு மனிதன் குடைக்குக் கீழே தூங்குகிறான் என்றால் அவன் எதற்காக அங்கே தூங்குகிறான் என்று நாங்கள் கேட்காத நாளில்லை. எத்தனை ஜன்னலில் விளக்கு எரிகிறது என்று எண்ணினோம், எப்போதும் இரண்டு. அவள் அவரை மிஸ்டர் பெல்லிங் என்பாள், அவர் அவளை மிஸ் அக்ராய்ட் என்பார். எங்களிடத்தில் நீ என்கிற சொல்லைச் சொந்த வீட்டாருக்கும் நெருங்கிய சிநேகிதருக்கும் நாய்க்கும் மட்டும்தான் சொல்வது. அந்த வீட்டில் நாய் இல்லாததால் அந்தச் சொல்லே கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை சுடுகிற இனிப்பில்லாத புட்டிங்கைக் குழம்போடு முதலில் சாப்பிட வேண்டும், கறியோடு அல்ல என்று அவர் கற்றுக்கொண்டார். அவருக்கு ஜலதோஷம் வந்தால் அவள் கடுகுத் தண்ணீரில் கால் வைக்கச் சொல்வாள். அவளுக்கு முதுகு பிடித்தால் அவர் நிலக்கரி வாளி தூக்குவார். ஆனால் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு நோட்டைத் திறந்து ஒரு வரி எழுதுவது மட்டும் நிற்கவில்லை.

அந்த ஒரு வரிக்குப் பயந்து மேவிஸ் தன் வீட்டுக்குள்ளேயே தன் பேச்சைப் பேசுவதை விட்டுவிட்டாள். வானொலியில் செய்தி வாசிக்கிற அம்மாள் மாதிரி பேசினாள். ஸ்னிக்கெட் என்று வாயில் வந்தால் விழுங்கிவிட்டு, குறுகிய பாதை என்பாள். சனிக்கிழமை மத்தியானம் ஐவி வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, ஒரு வாரப் பேச்சையும் மூச்சுவிடாமல் பேசித் தீர்த்துவிட்டு வருவாள், தாடை வலிக்கும். "பத்து வருசமாடி அவன் உன்னப் பத்தி எழுதறான்? நோட்டு தீர்ந்திருக்குமே!" என்பாள் ஐவி. தீரவில்லை, அவர் வருடத்துக்கு ஒன்று புதிதாக வாங்கினார். தன்னிடம் எழுதுவதற்கு அவ்வளவு என்ன இருக்கிறது என்று மேவிஸ் யோசித்தாள். எழுதி முடித்த அன்றைக்கு இவர் கிளம்பிவிடுவார் என்றும் யோசித்தாள். இந்த இரண்டாவது யோசனைதான் அவளைத் தூங்கவிடவில்லை. அவளுக்கு அவர் வேண்டும். இதைச் சொல்ல அவளிடம் சொல் இருந்தது, வானொலிப் பேச்சில் அது இல்லை.

1987 மார்ச் முப்பதாம் தேதி, திங்கட்கிழமை, கொல்லைச் சுவருக்கு மேலே ஐவியிடம் அவள் சொன்னாள்: "இந்த மழை ஒரு வாரம் நின்னா தேவல. கூரைய அடைச்சிடலாம். பாவம், அந்த மனுஷன் குடைக்கடியில சுருண்டு படுத்து முதுகே வளைஞ்சு போச்சு."

"அட, பாவமாம்ல!" என்றாள் ஐவி. அவளுடைய சந்தேகம் அன்றைக்குத்தான் முழுசாகத் தீர்ந்தது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை மேவிஸ் வேலைக்குப் போன பிறகு மழை நின்றது. பெல்லிங் நூலகத்துக்குப் போகவில்லை. குடையை அவிழ்த்து மடக்கினார், கட்டிலைத் தட்டிப் போட்டார், பழுப்புப் பெட்டியை அலமாரி மேலிருந்து இறக்கினார். சாயங்காலம் நாலு மணிக்கு மேவிஸ் தெருமுனையில் திரும்பியபோது, பத்து வருடத்தில் முதல் தடவையாகத் தன் வீட்டுச் சிலேட்டில் வெயில் அடிப்பதைப் பார்த்தாள். உடனே கொத்தனைக் கூப்பிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனாள். ஆணியில் கோட்டு இல்லை. சமையலறை மேஜையில் சாவி இருந்தது, அதன் கீழே பதினொரு நோட்டும் அடுக்கி வைத்திருந்தது. அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. கொட்டுகிற மழையில் போகச் சொன்னபோது போகாத மனுஷன், கூரை காய்ந்து நல்லபடியாக இருக்கும்போது கிளம்புகிறானே, இதென்ன அநியாயம்! என்னைப் பற்றி என்னதான் எழுதிக் கிழித்திருக்கிறான் பார்ப்போம் என்று முதல் நோட்டைப் பிரித்தாள்.

ரொட்டி, சந்து எல்லாம் முன்பக்கங்களில் இருந்தன. அதற்குப் பிறகு: ஜூலை 12. மழை இல்லை. இருக்கக் கூடாது. இருக்கிறேன். ஜூலை 13. மழை இல்லை. இருக்கக் கூடாது. இருக்கிறேன். இப்படியே நாற்பத்தைந்து வரி. ஆகஸ்ட் 25-க்கு எதிரே, மழை வந்தால் நன்றாயிருக்கும் என்று சின்ன எழுத்தில் கூடுதலாக ஒன்று. ஆகஸ்ட் 26: மழை. இருக்கலாம். அதன் பிறகு நோட்டு நோட்டாக, வருடம் வருடமாக, மழை, இருக்கலாம், மழை, இருக்கலாம், மழை, இருக்கலாம். மூவாயிரத்து எண்ணூற்று அறுபத்தொன்பது வரி; சந்தேகமுள்ளவர்கள் நாட்களை எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம், நான் எண்ணினேன். அவள் பேசிய ஒரு சொல்கூட எங்கும் இல்லை. கடைசி வரி அன்றைய தேதி: நின்றுவிட்டது.

துணியில் இழை தப்பிய இடத்தைக் கண்டுபிடிக்கும்போது அவள் விரல் நிற்குமே, அப்படி அந்த வரியில் நின்றது. எங்கே தப்பியது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. மழை பெய்யிற வரைக்கும். ஐயோ, இந்த மனுஷன் ஒவ்வொரு நாள் காலையிலும் வானத்தைப் பார்த்துப் பார்த்தா இங்கே இருந்தான்! ஒரு நாளாவது நிம்மதியாக இருந்திருப்பானா? ஏப்ரனைக்கூடக் கழற்றாமல், நூல் துணுக்கெல்லாம் ஒட்டியிருக்க, அவள் கதவைத் திறந்து போட்டுவிட்டு ஓடினாள். மேவிஸ் அக்ராய்ட் ஓடி நாங்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. அதனால் ஹோல்ராய்ட் கடையை அப்படியே விட்டுவிட்டுப் பின்னால் போனார், ஐவி போனாள், நானும் போனேன்.

ஹாலிஃபாக்ஸ் போகிற நாலு இருபது பஸ் வந்து நின்றிருந்தது. பெல்லிங் ஒரு காலைப் படியில் வைத்திருந்தார்.

"எங்க கிளம்பிட்ட நீ?" என்றாள் மேவிஸ்.

நீ என்று சொன்னாள். ஐவி என் கையைக் கிள்ளினாள்.

அவர் காலை இறக்கினார். "மழை நின்னுடுச்சுங்க, மிஸ் அக்ராய்ட். நீங்க மழை பெய்யிற வரைக்கும்னுதான் சொன்னீங்க. சொன்னதுக்கு மேல இருந்தா நல்லாருக்காது."

"ஆமா, சொன்னேன். மழை பெய்யிற வரைக்கும் இருன்னேன். இப்ப பெய்யுதா?"

"இல்லைங்க."

"அப்ப இன்னும் பெய்யல. பெய்யிற வரைக்கும் இரு."

பெல்லிங் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். இருபது ஊரில் ரொட்டிக்குப் பேர் கேட்டு எழுதியவர், ஒரு பொடிச் சொல்லில் பதினோரு வருடம் ஏமாந்து நின்றார். அவர் காது சிவந்து வந்தது. "அப்போ... அன்னிக்கு மழை வந்தப்ப, நீங்க என் பெட்டியைக் கீழ கொண்டுவந்தது..."

"உன்னை வெளிய அனுப்பத்தான். நீ நன்றி சொல்லிட்டு உள்ள போயிட்ட."

"அட கடவுளே!" என்றார் பெல்லிங். சற்று நேரம் தன் பளபளப்பான ஷூவையே பார்த்தார். பிறகு, பயந்துகொண்டே கேட்டார்: "மறுபடி பெய்ய ஆரம்பிச்சா, கிளம்பணுமா?"

"ஆரம்பிச்சா உன் ஊர்ப் பேச்சுப்படி இரு. காய்ஞ்சு கிடந்தா என் பேச்சு, நனைஞ்சு கிடந்தா உன் பேச்சு. ரெண்டுக்கும் நடுவுல நீ கிளம்புறதுக்குன்னு ஒரு நாள் இருக்கா? நல்லா யோசிச்சுப் பாத்துச் சொல்லு."

அவர் உண்மையிலேயே யோசித்தார். எதையும் சரிபார்த்துவிட்டுத்தான் எழுதுகிற ஆள். வெயில் நாளை யோசித்தார், மழை நாளை யோசித்தார், தூறலை யோசித்தார். பஸ் டிரைவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு எட்டிக் கேட்டார்: "ஏறுறீங்களா கண்ணு, இல்லையா?"

"அப்படி ஒரு நாள் இல்லைங்க," என்றார் பெல்லிங். டிரைவரிடம் சொன்னாரா, மேவிஸிடம் சொன்னாரா என்பதில் இன்றைக்கும் ஊரில் இரண்டு கருத்து உண்டு. மேவிஸ் அவர் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். அழுதுகொண்டே நடந்தாள், ஸ்னிக்கெட் வழியாகப் போகலாம் வா, இது கிட்டக்க என்று சத்தமாகத் தன் பேச்சில் சொல்லிக்கொண்டே நடந்தாள். ஹோல்ராய்டுக்கு அப்போதுதான் கடை ஞாபகம் வந்தது. "அன்னிக்கே சொன்னேன், ஏதோ இருக்குன்னு," என்றாள் ஐவி.

கொத்தன் புதன்கிழமை வந்து நாலு சிலேட் போட்டுவிட்டுப் போனான். அடுத்த திங்கட்கிழமை அந்த வீட்டின் மேல் மழை திரும்ப வந்தது, வியாழக்கிழமை நின்றது, அதன் பிறகு அதற்கு மனம் போனபடி வருகிறது, போகிறது. ஜன்னல் விளக்கை எண்ணுவதை விட்டுவிட்டோம், இப்போது ஒன்றுதான் எரிகிறது. அந்தச் சின்னச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு என்று பெல்லிங் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். கணக்கெடுப்பு முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. பிராஸ்பெக்ட் டெரஸுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்களிடம், குப்பை வண்டி செவ்வாய்க்கிழமை, பால்காரர் ஆறரைக்கு, பதினாலாம் எண்ணில் தனி மழை, துணி காயப்போடுமுன் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுகிறோம். ஏன் என்று யாராவது கேட்டால், அவர்கள் எந்த ஊர், வடக்கா தெற்கா என்று முதலில் விசாரிக்கிறோம்.